பதினொன்றாம் பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்று சொன்ன காலம் ஒன்று உண்டு. இப்போது சாத்தூர்ப் பக்கம் எந்தத் தரகரும் அப்படிச் சொல்வதில்லை. பத்தையும் பார்த்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பதினொன்றாவதைக் கேட்கிறார்கள். "பொண்ணு அரணா, வெளியா?"

அரண், வெளி இரண்டும் கைப்பேசிக்குள் ஓடும் இயங்குதளங்கள். முன்பு நாலைந்து இருந்தனவாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று, கடைசியில் இந்த இரண்டுதான் மிஞ்சின. அரண் கட்டுச்செட்டானது. யாரையும் எதையும் தொட விடாது. எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். வெளி திறந்த மடம். கொஞ்சம் பொறுமை இருந்தால் நமக்கு வேண்டியபடி அதைப் பழக்கிக்கொள்ளலாம். வீட்டுக் கதவுப் பூட்டு, தண்ணீர் மோட்டார், ரேஷன், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எல்லாம் கைப்பேசிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு கம்பெனிகளும் சண்டை போட்டுக்கொண்டு நடுவிலிருந்த பாலத்தை மூடிவிட்டன. அன்றிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு தளம் என்றாகிவிட்டது. புருஷன் அரண், பெண்டாட்டி வெளி என்றால் அவளுக்கு வாசல் கதவுகூடத் திறக்காது.

ஆகவே கல்யாணத்துக்கு முன் ஒருவர் மாற வேண்டும். ஒருவர் என்றால் யார் என்று யாரும் கேட்டதில்லை. இனிஷியலை மாற்றுகிறவள் இதையும் மாற்றட்டும் என்று ஊர் தன் பாட்டுக்குத் தீர்மானித்துக்கொண்டது.

அந்த மாற்றத்தைச் செய்து கொடுக்கும் மாற்று நிலையத்தில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் மாரீஸ்வரி. எதையும் வரிசைப்படி செய்கிறவள். முதலில் பழைய போனை இயந்திரத்தின் தட்டில் வைப்பாள். அடுத்து, கடக்காதவற்றின் பட்டியலை எடுப்பாள். படம், பாட்டு, பத்திரம் எல்லாம் ஒரு தளத்திலிருந்து மற்றதற்குக் கடந்துவிடும். பழக்கம் கடக்காது. ஒருத்தியோடு வருடக்கணக்கில் இருந்து தளம் தானாகக் கற்றுக்கொண்டது எதுவோ, அது பழைய கரையிலேயே நின்றுவிடும். முப்பது நாளில் அழிந்துவிடும். அந்தப் பட்டியலை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் போட்டவர்களுக்கு நம் ஜனங்களைத் தெரியாது. நல்ல காரியத்தில் 'இது போகும், அது போகும்' என்று படித்தால் அபசகுனம் இல்லையா? படிக்காமல் விட்டால் மாரீஸ்வரியின் வேலை போகும். இரண்டுக்கும் நடுவே ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. அவள் படிக்க ஆரம்பித்ததும் கெட்டிமேளத்தைப் போட்டுவிடுவார்கள். தாலி ஏறும்போது தும்மல்கூடக் காதில் விழக்கூடாது என்று அடிக்கிற அதே மேளம். அவள் வாய் அசையும். யார் காதிலும் ஒரு சொல் விழாது. பெண் சிரித்தபடி கையெழுத்துப் போடுவாள். ஒன்பது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பெண்கள்.

வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை, நிலையம் திறந்ததும் திறக்காததுமாகக் காளிராஜ் வந்து நின்றார். அச்சாபீஸ்களில் மெஷின் மெக்கானிக். மறுநாள் அவர் மகள் ஹேமவர்த்தினிக்கு மாற்று.

"தங்கச்சி, பட்டியல் எடுத்துட்டீகளா?"

"பாப்பா பதிவு போட வந்தன்னைக்கே போனத் தட்டுல வச்சு எடுத்துட்டேன் அண்ணே. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "முதல் வரி என்ன வந்திருக்கு?"

மாரீஸ்வரி தாளைத் திருப்பிக் காட்டினாள். *ஒன்று: செவிப் பழக்கம். பதினாறு ஆண்டு, நான்கு மாதம். குரல்கள் நாற்பத்து நான்கு.*

ஹேமாவுக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு காதிலும் குன்றிமணி அளவில் ஒரு மணி; சத்தத்தைப் போன் வாங்கிப் பிரித்து அந்த மணிக்கு அனுப்பும். காதுமணி இல்லாமல் அவளுக்கு ஒன்றும் கேட்காது. இது மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும்.

"அவுகளுக்குத் தெரியாதது என்னன்னா…" என்று காளிராஜ் ஆரம்பித்து நிறுத்தினார். "மணி வெறும் தகரம், தங்கச்சி. சத்தத்தப் பிரிக்கிறது வெளிதான். அதுக்கு நான் சொல்லிக் குடுத்தேன். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பிள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டு, இது குக்கர், இது பால்காரர், இது உங்க அம்மா கோவமா இருக்கிறது, இது சும்மா கத்துறதுன்னு… ஒவ்வொண்ணா. மெஷின் சத்தத்துல பேரிங் போனதக் கண்டுபிடிக்கிறவன்ல நான்."

"அரண்லயும் காதுமணி ஓடும்ல?"

"ஓடும். கேக்கவும் செய்யும். ஆனா எல்லாம் ஒரே சத்தமாக் கேக்கும். குரலுக்கும் கிரைண்டருக்கும் வித்தியாசம் தெரிய ஒண்ணரை, ரெண்டு வருஷம் ஆகும். அதுல நாம சொல்லிக் குடுக்கவும் முடியாது. அதுவா எப்பக் கத்துக்குதோ அப்பத்தான்."

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணே."

"முன்னால ரெண்டு சம்பந்தம் காதுனாலயே தட்டிப்போச்சு." அவர் இப்போதுதான் உட்கார்ந்தார். "முதல் வரிய மட்டும் வாய்க்குள்ள முழுங்கிருங்க தங்கச்சி. எப்படியும் மேளத்துல யாருக்குக் கேக்கப்போகுது? ஆனாலும் என் காதுல விழுந்துருமோன்னு பயமா இருக்கு."

மாரீஸ்வரி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்களின் சம்மதம் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் பத்தரை மணிக்கு இரண்டு கார்களில் வந்திறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா விஜயராணி தாம்பாளத்தை ஏந்தி முன்னால் வந்தாள். வெற்றிலை, பழம், பூ, நடுவில் மருமகளுக்கென்று வாங்கிய புதுப்போன். மாப்பிள்ளை கௌதமராஜ் தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். உயரமான, கூச்ச சுபாவக்காரன். தம்பதிக்கு அங்கேயே வீடு பார்த்தாகிவிட்டது. கடைசியாக மாப்பிள்ளையின் சித்தப்பா ஒலிப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்கம்மா மருமகளே. இன்னைக்கு இருந்து நீ அரண்காரி. இனிமே உன் போன் உன் பேச்சக் கேக்காது, நாங்களும் கேக்க மாட்டோம்" என்று சித்தப்பா சிரித்தார்.

"நீங்க முதல்ல பெட்டியக் கீழ வையுங்க மாமா. சேலைல இடிக்குது" என்றாள் ஹேமா. எல்லோரும் சிரித்தார்கள். காளிராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

மாரீஸ்வரி ஹேமாவின் போனைத் தட்டில் வைத்தாள். பட்டியலைக் கையில் எடுத்தாள். சித்தப்பா பெட்டியைத் தட்டினார். கெட்டிமேளம் அந்தச் சின்ன அறையை நிறைத்து ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது.

மாரீஸ்வரி காளிராஜைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படிக்கத் தொடங்கினாள். "இரண்டு: நடைவழிப் பழக்கம். மூன்று: எழுத்துப் பழக்கம். நான்கு: உறக்க நேரம்…" பன்னிரண்டு வரிகள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. முடித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

ஹேமா பேனாவை வாங்கவில்லை.

"அக்கா, முதல் வரிய விட்டுட்டீங்க."

மேளம் ஓடிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரி அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். ஒன்பது வருடமாக இந்த மேளத்துக்குள் ஒளிந்துகொண்டு படித்துவந்தவள் அவள். இந்தப் பெண்ணின் போனுக்கு மேளம் எது, மனிதக் குரல் எது என்று தெரியும். மேளத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களில் காது கேட்காத பெண் ஒருத்திக்குத்தான் பட்டியல் முழுவதும் கேட்டிருக்கிறது.

மாரீஸ்வரி சித்தப்பாவிடம் கையைக் காட்டினாள். மேளம் நின்றது.

"ஏம்மா, என்னாச்சு?" என்றாள் விஜயராணி.

"ரெண்டுல இருந்து ஆரம்பிச்சாங்க அத்தை. ஒண்ணக் காணோம்."

"அது கெடக்கு விடு பாப்பா" என்றார் காளிராஜ். "நல்ல நேரம் பதினொண்ணு பத்து வரைக்கும்தான்."

"படிக்கட்டும்ப்பா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒரு தடவ சத்தமாச் சொல்லிட்டா எனக்கு ஆறிப்போகும்." அவள் குரலில் கோபம் இல்லை. பல நாள் யோசித்து ஓய்ந்துபோனவளின் நிதானம்தான் இருந்தது.

கௌதமராஜ் அப்போதுதான் முதன்முறையாகப் பேசினான். "என்ன வரி?"

மாரீஸ்வரி முதல் வரியைப் படித்தாள். மேளம் இல்லாமல் ஒரு வரியைப் படிப்பது அவளுக்கும் அதுவே முதல் முறை. பதினாறு ஆண்டு, நான்கு மாதம், நாற்பத்து நான்கு குரல்கள் என்று எதையும் விழுங்காமல் வாசித்தாள். பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்பதை, முந்தின நாள் காளிராஜ் சொன்னபடியே, ஒன்றன் பின் ஒன்றாகச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமா?" கௌதமராஜ் ஹேமாவைப் பார்த்தான். "என்ட்ட ஏன் சொல்லல?"

ஹேமா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமே. மாசி மாசம் எழுதியிருந்தேனே. அப்பா எப்படிச் சொல்லிக் குடுத்தாங்க, மாறுனா என்ன ஆகும், எல்லாம். எவ்வளவு நீளமா! நீங்ககூட 'சரி, பாத்துக்கலாம்'னு பதில் போட்டீங்க."

"எனக்கா? எனக்கு அப்படி எதுவும் வரல."

அவன் போனை எடுத்துத் தேடினான். மாசி மாதத்தில் அப்படி ஒரு கடிதம் இல்லை. சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். விஜயராணி தாம்பாளத்தில் சரிந்திருந்த வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் தேடுவதை நிறுத்தினான். பிறகு மாரீஸ்வரி பக்கம் திரும்பினான்.

"நான் வெளிக்கு மாறுனா எனக்கு என்ன போகும்?"

ஒன்பது வருடத்தில் ஒரு மாப்பிள்ளைகூடக் கேட்காத கேள்வி. படிவத்தில் 'மணமகளின் பெயர்' என்றே அச்சடித்திருந்தார்கள். மாரீஸ்வரி தட்டைக் காட்டினாள். அவன் போனை அதில் வைத்தான். இயந்திரம் யோசித்தது. வெள்ளைத் தாள் ஒன்று வெளியே வந்தது. ஒரு வரிகூட இல்லை. அடியில் மட்டும் சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது.

"என்னக்கா, வெறும் தாளா இருக்கு?"

"உங்க பேர்ல பழக்கம் எதுவுமே இல்ல தம்பி." அவள் அடியில் இருந்ததைப் படித்தாள். "உரிமையாளர், விஜயராணி. உங்களுக்குப் பத்து வயசுல அம்மா பேர்ல திறந்திருக்காங்க. பதினெட்டுல வந்து உங்க பேருக்கு மாத்தியிருக்கணும்."

"எனக்கு இருபத்தொம்பது" என்றான் கௌதமராஜ்.

"பதினோரு வருஷமா மேஜரு" என்று சித்தப்பா சொல்லிவிட்டு, தாம் சொன்னது வேடிக்கை இல்லை என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க மாறணும்னா அம்மா கையெழுத்துப் போடணும். போறது அவுகளுக்குத்தான். அவுக பட்டியல எடுக்கணும்."

எடுத்தாள். தாள் வந்துகொண்டே இருந்தது. முப்பத்தொரு வரிகள். மாரீஸ்வரி மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினாள். மகன் இருக்கும் இடம். மகன் சாப்பிட்ட நேரம். மகனுக்கு வரும் கடிதங்களை முன்னதாகப் படித்தல், வேண்டாததை நீக்குதல். மகன் சார்பில் பதில் எழுதுதல். அந்த இடத்தில் கண்ணை நிறுத்தினாள். சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. "நான்தான் படிச்சேன்" என்றாள் விஜயராணி.

"அம்மா…"

"நீ இரு." அவள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு ஹேமா பக்கம் திரும்பினாள். "இவன் யாருக்கும் நாலு வார்த்தை சேந்தாப்புல எழுத மாட்டான். சின்னதுல இருந்து அப்படித்தான். வாத்தியாருக்கு, ஆபீசருக்கு, எல்லாத்துக்கும் நான்தான் பதில் போடுவேன். பழகிப்போச்சு. நிச்சயம் முடிஞ்சு நீ எழுத ஆரம்பிச்சே. பதில் இல்லன்னா பிள்ள மனசு நோகுமேன்னு போட ஆரம்பிச்சேன். அப்பறம் நிறுத்தத் தெரியல."

ஹேமா கௌதமராஜைக் கேட்டாள். "நீங்க எதுவுமே எழுதலையா?"

"எழுதினேன்." அவன் காது சிவந்துவிட்டது. "பதினொண்ணு. அதுல ஒம்போது 'சரி'."

ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். "அப்பவே நினைச்சேன். 'சரி'ன்னு வர்ற அன்னைக்கெல்லாம் வேற யாரோ மாதிரி இருக்கும். 'சாப்டியா, தலைவலி போச்சா, மழைல போகாத'ன்னு வர்றதெல்லாம்… அத்தையா?"

விஜயராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

சிரிப்பு மெல்ல வடிந்தது. ஹேமா கேட்டாள். "தலைவலிய விசாரிச்சீங்களே அத்தை. அந்தக் கடிதத்தையும் படிச்சீங்கதானே? படிச்சுட்டுமா என்னை மாறச் சொன்னீங்க?"

விஜயராணி சேலை மடிப்பை நீவிவிட்டாள்.

"படிச்சேன்" என்றாள். "ரெண்டு வருஷத்துல பழகிரும்னு நீயே எழுதியிருந்தே. ரெண்டு வருஷந்தானேன்னு நினைச்சேன். இவன் வெளிக்குப் போய்ட்டா எனக்கு ஆயுசுக்கும் இல்லையே. தூத்துக்குடில இவன் தின்னானா, தூங்குனானான்னு யாரு எனக்குச் சொல்லுவா?"

"போன் பண்ணிக் கேக்கலாம்ல, மதினி" என்றார் சித்தப்பா.

"கேட்டா 'சரி'ம்பான்!"

இந்தத் தடவை காளிராஜ்கூடச் சிரித்துவிட்டார். உடனே அந்தச் சிரிப்பை நினைத்து வெட்கப்பட்டவர்போல எழுந்து நின்றார். "சம்பந்தியம்மா, தப்பு என் மேலயும் இருக்கு. நான்தான் தங்கச்சிய அந்த வரிய விடச் சொன்னேன். நாம ரெண்டு பேரும் ஒரே சேதியத்தான் மறைச்சிருக்கோம்."

விஜயராணி ஹேமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த நாப்பத்து நாலு குரல்… யாரு யாருது?"

மாரீஸ்வரி தாளின் பின்பக்கத்தைத் திருப்பினாள். சேர்ந்த வரிசையில் பெயர்கள் இருந்தன. "ஒண்ணு, காளிராஜ். ரெண்டு, ஹேமாவோட அம்மா." விரலைக் கீழே ஓட்டினாள். "நாப்பத்து மூணு, கௌதமராஜ். நாப்பத்து நாலு…" நிமிர்ந்தாள். "விஜயராணி."

"நானா?"

"மூணு மாசமாப் பேசுறோமே அத்தை" என்றாள் ஹேமா. "கொஞ்சம் கரகரப்பு. என் பேரச் சொல்லும்போது முதல் எழுத்துல ஒரு இழுப்பு வரும். பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிட்டாலும் நீங்கதான்னு தெரியும். அரணுக்குப் போனா நீங்க பேசுறதும் ஒண்ணுதான், மோட்டார் ஓடுறதும் ஒண்ணுதான்."

விஜயராணி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று ஐந்தைக் காட்டியது. யாரும் நல்ல நேரத்தை ஞாபகப்படுத்தவில்லை.

"பேனாவக் குடு மாரீஸ்வரி" என்றாள் கடைசியில்.

"சட்டப்படி முதல்ல படிக்கணும்க்கா. முப்பத்தொரு வரி."

"படி." அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "நீங்க மேளத்தப் போடுங்க. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

சித்தப்பா பெட்டியைத் தட்டினார். கெட்டிமேளம் மீண்டும் அறையை நிறைத்தது. மாரீஸ்வரி இந்தமுறை ஒன்றிலிருந்தே தொடங்கினாள். எந்த வரியையும் விடவில்லை, எதையும் அவசரமாக ஓட்டவில்லை. எப்போதும்போல அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. விஜயராணி கண்ணை மூடிக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கௌதமராஜ் சுவரோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரியைப் படித்து முடித்தாள். மேளம் நின்றது.

"முடிஞ்சுதா?" விஜயராணி கண்ணைத் திறந்தாள். அப்போதுதான் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைக் கவனித்தாள். மேளத்துக்கு நடுவில் எப்போதோ ஹேமா எழுந்துவந்து அவள் அருகில் அமர்ந்திருந்தாள்.

"முடிஞ்சது அத்தை. முப்பத்தொண்ணும் படிச்சாங்க."

"நீ எண்ணிக்கிட்டா இருந்தே?"

"இல்ல அத்தை" என்றாள் ஹேமா. "கேட்டுக்கிட்டு இருந்தேன்."

விஜயராணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, 'மணமகளின் பெயர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் ஒரு கோட்டைப் போட்டு அடித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்தைப் போட்டாள்.